ஜகதீச சந்திர போசின் இளமைக் கல்வி

விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பர் பெரியோர். விஞ்ஞானியாக வருபவர் சிறுவயதிலேயே காந்தங்களோடும் கண்ணாடிக் குழாய்களோடும் விளையாடியிருத்தல் வேண்டுமெனப் பலர் எண்ணுகின்றனர். ஆய்கூட வசதியற்ற கிராமப் பாடசாலை மாணவர் இவ்வெண்ணத்தால் மனந்தளர்வதை நாம் காண்கிறோம். அன்னார்க்கு, வங்கம் ஈன்ற பேரறிஞர் சேர் ஜகதீச சந்திர போஸ் அவர்களின் வரலாறு தக்கதொரு விடையாகும்.

1858ஆம் ஆண்டு நவம்பர் 30ஆந் திகதி, இன்றைய வங்காளதேசத்திலுள்ள மைமன்சிங்கில் அவர் பிறந்தார். தந்தையார் பகவான் சந்திரர் அரசாங்க உத்தியோகத்தர். அந்தஸ்துள்ளோர் தம் மக்களை ஆங்கிலப் பாடசாலைக்கு அனுப்பிய அக்காலத்தில், அவரோ மகனைத் தாய்மொழிப் பாடசாலையிற் சேர்த்தார். அங்கே ஒருபுறம் தந்தையாரின் முஸ்லிம் ஏவலாளர் மகனும், மறுபுறம் மீனவர் மகனும் அமர்ந்திருந்தனர். பறவை, விலங்கு, நீர்வாழ் உயிர்கள் பற்றி அவர்கள் கூறிய கதைகளே சிறுவனுக்கு முதல் விஞ்ஞானபாடமாயின. அதற்குக் கருவி வேண்டியதில்லை. கண்ணும் காதும் போதுமாயிருந்தன.

ஆயினும் முளை மட்டும் பயிராகிவிடாது. கல்கத்தா சென் சேவியர் கல்லூரியில் லபோன் பாதிரியார் என்னும் யேசுசபைத் துறவி பரிசோதனைகள் செய்துகாட்டிப் பௌதிகம் கற்பித்தார். போசின் உள்ளத்தைப் பௌதிகத்தின்பால் திருப்பியவர் அவரே. பின்னரும் பாதை நேராக அமையவில்லை. 1880இல் மருத்துவம் பயில லண்டன் சென்றவர், நோயினால் அதனைக் கைவிட்டுக் கேம்பிரிட்ஜில் விஞ்ஞானம் பயின்றார்.

1885இல் கல்கத்தா பிரசிடென்சிக் கல்லூரியிற் பேராசிரியரானார். ஐரோப்பியருக்குரிய சம்பளம் மறுக்கப்பட்டமையால் மூன்றாண்டுகள் சம்பளம் பெறாமலே கற்பித்து, ஈற்றில் முழு உரிமையையும் பெற்றார். தகரவேலைத் தொழிலாளி ஒருவரின் துணையுடன் கருவிகள் ஆக்கி, 1895இல் மின்காந்த அலைகளைச் சுவரூடாகச் செலுத்தி அப்பால் மணியை ஒலிக்கச் செய்தார். பின்பு தாவர வளர்ச்சியைப் 10,000 மடங்கு பெருக்கிக் காட்டும் கருவியை அமைத்தார். 1917இல் தம் பெயர் விளங்கும் ஆராய்ச்சி நிலையத்தை நிறுவினார். 1937 நவம்பர் 23இல் இறைவனடி சேர்ந்தார்.

உயிர்களின் கதை கேட்டு வளர்ந்த சிறுவன் பிற்காலத்திற் செடிகொடிகளிடம் திரும்பிவந்தமை தற்செயலென நாம் கருதவில்லை. இளமை அவருக்கு ஆவலைத் தந்தது. ஆசான் வழியைக் காட்டினார். விடாமுயற்சி பயனை ஈந்தது. இம்மூன்றில் எதுவும் விலைகொடுத்து வாங்கும் பொருளன்று. விளையாட்டுக் கருவியில்லாத பிள்ளைக்கு அதனாற் பெருநட்டமில்லை. கேட்ட கேள்விக்கு விடைகூற ஆளில்லாத பிள்ளைக்கே நட்டம். ஆதலின், பெரியோர் சிறுவரின் கேள்விகளைப் பொறுமையுடன் கேட்பாராக. இளைஞராகிய நாம் நம் ஊர்ச் சிறுவர்க்கு வானத்து விண்மீன்களையும் வேலியோரச் செடிகளையும் காட்டிக் கொடுப்போமாக.