காயிதே மில்லத் காத்த சட்டமும் நம் வீட்டுப் பெண்ணின் பங்கும்

 

ஐவேளைத் தொழுகையின் ரக்அத்துகள் எத்தனை என்பதை வல்ல அல்லாஹ் தன் திருமறையில் எண்ணிக் கூறவில்லை. ஜகாத்தின் விகிதத்தையும் அங்கே வகுத்துரைக்கவில்லை. அவற்றைத் தன் தூதர் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வாயிலாக நமக்கு விளங்க வைத்தான். ஆனால் இறந்தவர் விட்டுச் சென்ற சொத்தில் தாய்க்கு எவ்வளவு, மனைவிக்கு எவ்வளவு, மகளுக்கு எவ்வளவு என்பதை அரை, கால், அரைக்கால், மூன்றில் இரண்டு, மூன்றில் ஒன்று, ஆறில் ஒன்று என்று தானே நேரில் அளந்து கொடுத்தான். வாரிசுப் பங்கு எத்துணைப் பாரமான பொறுப்பு என்பதை உணர இதுவொன்றே போதுமானது.

அந்தச் சட்டம் அருளப்பட்ட வரலாற்றையும் நீங்கள் அறிந்திருப்பீர்கள். உஹதுப் போரில் ஸஅது இப்னு ரபீஉ (ரலி) அவர்கள் ஷஹீதானார்கள். அன்னாரின் சகோதரர் அரபு நாட்டுப் பழைய வழக்கப்படி சொத்து முழுவதையும் எடுத்துக்கொண்டார். கைம்பெண்ணாகிவிட்ட மனைவி தம் இரு பெண் மக்களையும் அழைத்துக்கொண்டு நபிகளாரிடம் வந்து முறையிட்டார்கள். இறைவசனம் இறங்கியது. சொத்தை 24 பங்காக்கினால் பெண் மக்கள் இருவருக்கும் 16, மனைவிக்கு 3, எஞ்சிய 5 சகோதரருக்கு என்று தீர்ப்பாயிற்று. ஆதரவற்ற ஒரு தாயின் முறையீட்டிற்கு வானிலிருந்து வந்த விடையே இன்று மதரஸாக்களில் பராயிள் என்ற பெயரில் நாம் ஓதும் கலைக்கு அடிப்படை.

இந்தச் சட்டத்தின் எதிர்காலம் என்னவாகும் என்ற கேள்வி சுதந்திர இந்தியாவின் அரசியல் நிர்ணய சபையில் எழுந்தபோது, அதற்காக எழுந்து வாதாடியவர்களில் முதன்மையானவர் நம் தமிழ் மண்ணில் பிறந்த காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயில் ஸாஹிப் (ரஹ்) அவர்கள். அன்னாரின் வாழ்வை இந்த ஒரு கோணத்திலிருந்து இன்று உங்கள்முன் வைக்க விழைகிறேன்.

திருநெல்வேலிப் பேட்டையில் 1896 ஜூன் 5 அன்று அன்னார் பிறந்தார்கள். தந்தையார் மியாகான் ராவுத்தர் வணிகர். மார்க்க ஞானமும் உடையவர். மகன் சிறுவனாக இருக்கும்போதே அவர் மறைந்துவிட்டார். குர்ஆனையும் மார்க்கத்தையும் பிள்ளைக்குப் புகட்டும் பொறுப்பைத் தாயாரே ஏற்றார்கள். தந்தையை இழந்த குழந்தைகளின் உரிமையைப் பிற்காலத்தில் பேசியவர், தாமே தந்தையை இழந்து வளர்ந்தவர் என்பதை நினைவிற் கொள்ளுங்கள். 1909ஆம் ஆண்டில், பதின்மூன்று வயதிலேயே, பேட்டையில் இளம் முஸ்லிம்களுக்கென ஒரு சங்கத்தைத் தொடங்கினார்கள். 1918இல் மார்க்க அறிஞர்களின் பேரவையான மஜ்லிஸுல் உலமா உருவாகத் துணை நின்றார்கள். திருச்சி சூசையப்பர் கல்லூரியிலும் சென்னை கிறிஸ்தவக் கல்லூரியிலும் பயின்ற அன்னார், 1920இல் காந்தியடிகளின் ஒத்துழையாமை அழைப்பை ஏற்றுப் பட்டத் தேர்வைத் துறந்தார்கள். பின்னர் சென்னையில் தோல் வணிகத்தில் ஈடுபட்டுப் பொதுவாழ்வில் படிப்படியாக உயர்ந்தார்கள். 1946 முதல் 1952 வரை சென்னைச் சட்டமன்றத்தில் உறுப்பினராக இருந்தார்கள். நாடு பிரிந்த பின் கலங்கி நின்ற சமுதாயத்தைத் தேற்றி, 1948 மார்ச் 10 அன்று சென்னையில் இந்திய யூனியன் முஸ்லிம் லீகை அமைத்துத் தம் இறுதி நாள்வரை அதனை வழிநடத்தினார்கள்.

வாசகர்களே! அன்னார் எதற்காக வாதாடினார்கள் என்பதை விளங்கிக்கொள்ள, அதற்கு நூறாண்டுகளுக்கு முன்னிருந்த நிலையைச் சற்றே நோக்க வேண்டும். 1847இல் பம்பாய் நீதிமன்றத்தில் ஒரு வழக்கு வந்தது. கோஜா, மேமன் வகுப்புகளைச் சேர்ந்த முஸ்லிம் பெண் மக்கள், குர்ஆன் விதித்த பங்கைத் தங்களுக்குத் தரவேண்டும் என்று கேட்டனர். இந்த வகுப்பினர் இந்து சமுதாயத்தைப் போலவே பெண்களுக்குச் சொத்தில் பங்களிக்காத வழக்கத்தை நெடுங்காலமாகப் பின்பற்றி வருகின்றனர். ஆகவே வழக்கமே செல்லும் என்று நீதிபதி பெரி தீர்ப்பளித்தார். கலிமா சொன்ன பெண்கள், கலிமா சொன்ன ஆண்களிடமே தோற்றுத் திரும்பினர். பஞ்சாபில் நிலமெல்லாம் ஆண் வழிக்கே என்ற வழக்கம் வேரூன்றியிருந்தது. வட மலபாரின் மாப்பிள்ளைமார் குடும்பங்களிலோ மருமக்கத்தாயம் நிலவிற்று. அங்கே சொத்து தாய்வழித் தரவாட்டிலேயே தங்கிவிடும், தந்தையின் பங்கு மக்களுக்குச் சேராது. ஒருபுறம் மகள் இழந்தாள். மறுபுறம் மகனும் மகளும் சேர்ந்தே இழந்தனர். இரண்டிலும் புறந்தள்ளப்பட்டது ஷரீஅத்தே.

மாப்பிள்ளைமார் தாமே ஈட்டிய சொத்திற்கு ஷரீஅத்தைப் பொருத்தும் சட்டம் சென்னை மாகாணத்தில் 1918இல் வந்தது. 1937இல் நாடு முழுவதற்குமான ஷரீஅத் சட்டம் நிறைவேறியது. உலமாப் பெருமக்களும் முஸ்லிம் பெண்கள் அமைப்புகளும் வழக்காற்றுச் சட்டத்தைக் கண்டித்துக் குரல் கொடுத்ததன் பயன் அது. எனினும் அதில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. 1935ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டம் விவசாய நிலத்தை மாகாணங்களின் அதிகாரத்தில் வைத்திருந்தபடியால், 1937ஆம் ஆண்டுச் சட்டம் விவசாய நிலத்திற்குப் பொருந்தாது என விலக்கப்பட்டது. வீடும் கடையும் ஷரீஅத்தின் கீழ் வந்தன. வயலும் தோப்பும் வெளியே நின்றன. பெரும்பாலோர் சொத்து வயலாகவே இருந்த காலம் அது!

இந்நிலையில் 1948 நவம்பர் 23 அன்று, நாடு முழுவதற்கும் ஒரே சிவில் சட்டம் என்னும் விதி அரசியல் நிர்ணய சபையின் முன் வந்தது. எந்த மக்கட் பிரிவினரும் தம் தனியார் சட்டத்தைக் கைவிடும்படி கட்டாயப்படுத்தப்படலாகாது என்று காயிதே மில்லத் அவர்கள் திருத்தம் கொண்டுவந்தார்கள். முஸ்லிம்களுக்கு மட்டும் என்று அன்னார் கேட்கவில்லை. எல்லாப் பிரிவினருக்குமாகவே கேட்டார்கள். திருமணமும் வாரிசுரிமையும் ஒரு சமயத்தாரின் வாழ்வோடு பின்னிப் பிணைந்தவை என்று எடுத்துரைத்தார்கள். ஐரோப்பாவின் யூகோஸ்லாவியா நாடு முஸ்லிம்களின் குடும்பச் சட்டத்தை ஒப்பந்தத்தின் வாயிலாக ஏற்றிருந்ததையும் சான்றாகக் காட்டினார்கள். கடுமொழி ஏதுமின்றி, கனிவோடும் உறுதியோடும் வாதாடினார்கள்.

அதற்கு டாக்டர் அம்பேத்கர் அவர்கள் அளித்த மறுமொழியை நம் மேடைகளில் எவரும் எடுத்துச் சொல்வதில்லை. நாம் அவசியம் கேட்க வேண்டிய மறுமொழி அது. 1937வரை ஐக்கிய மாகாணம், மத்திய மாகாணம், பம்பாய் போன்ற பகுதிகளில் முஸ்லிம்கள் வாரிசுரிமையில் பெரிதும் இந்துச் சட்டத்தையே பின்பற்றினர் என்றும், வட மலபாரில் மருமக்கத்தாயம் முஸ்லிம்களுக்கும் பொருந்திற்று என்றும், ஆகவே இச்சட்டம் என்றும் மாறாமல் கடைப்பிடிக்கப்பட்டது என்று கூற இயலாது என்றும் அன்னார் சுட்டிக்காட்டினார்கள். அதே வேளையில், அதிகாரம் இருப்பதாலேயே அரசு அதனை எல்லார் மீதும் சுமத்திவிடும் என்று எண்ண வேண்டியதில்லை என்றும் உறுதி கூறினார்கள். திருத்தம் ஏற்கப்படவில்லை. அந்த விதி இன்று அரசியல் சாசனத்தின் 44ஆவது விதியாக, வழிகாட்டு நெறிகளுள் ஒன்றாக இருந்து வருகிறது.

சிந்தித்துப் பாருங்கள். காயிதே மில்லத் அவர்களின் வாதத்தைத் தளர்த்தியது எது? அல்லாஹ்வின் சட்டத்தில் குறையேதும் இல்லை. அச்சட்டத்தை நம்மவரே வீட்டில் நடைமுறைப்படுத்தாமல் விட்டதுதான் எதிர்வாதத்திற்குக் கருவியாயிற்று.

அடுத்த ஆண்டே, 1949இல், சென்னை மாகாணம் சட்டத் திருத்தம் செய்து விவசாய நிலத்திற்கான விலக்கை நீக்கியது. அன்றுமுதல் நம் பகுதியில் நஞ்சையும் புஞ்சையும் ஷரீஅத்தின்படியே பங்காக வேண்டும். அதே ஆண்டில் காயிதே மில்லத் அவர்கள், ஆட்சிமொழி பற்றிய விவாதத்தில் நம் தமிழின் தகுதியை எடுத்துரைத்தது தனிச் சிறப்பு. பின்னர் 1952 முதல் 1958 வரை மாநிலங்களவையிலும், 1962, 1967, 1971 தேர்தல்களில் மஞ்சேரித் தொகுதியில் வென்று மக்களவையிலும் பணியாற்றினார்கள். பதவிகள் வந்தும் எளிமை மாறாத அப்பெருந்தகை 1972 ஏப்ரல் 5 அன்று இறையடி சேர்ந்தார்கள். திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசல் வளாகத்தில் அடக்கமானார்கள். சென்னை அண்ணா சாலையில் அன்னார் பெயரால் அரசு மகளிர் கல்லூரி ஒன்று இயங்கி வருகிறது. ஆயிரமாயிரம் பெண் மக்கள் அந்தப் பெயரைத் தாங்கிய வாயிலின் வழியே சென்று படித்துப் பட்டம் பெற்றுள்ளனர்.

அவர்கள் தத்தம் தந்தை வீட்டில் தமக்குரிய பங்கையும் பெற்றார்களா? இதுவே இன்று நான் உங்களிடம் கேட்கும் கேள்வி.

நான் வாழும் விருத்தாசலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பீங்கான் தொழிலால் பெயர் பெற்ற ஊர். சுற்றிலும் நெல் வயலும் முந்திரித் தோப்பும் உண்டு. இங்கே ஒருவர் சூளையும் சிறிது நிலமும் விட்டு மவுத்தாகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு மனைவி, இரு மகன்கள், ஒரு மகள். முதலில் கபனும் அடக்கச் செலவும்; அடுத்து கடன், கொடுபடாத மஹரும் கடனே; அதன்பின் மூன்றில் ஒன்றுக்கு மேற்படாத வஸிய்யத். எஞ்சியதை 40 பங்காக்கினால் மனைவிக்கு 5, மகன்களுக்குத் தலா 14, மகளுக்கு 7. கணக்கு இவ்வளவுதான். பள்ளிச் சிறுவனும் போட்டுவிடுவான். ஆனால் நடப்பது என்ன? சூளையை மூத்தவர் நடத்துகிறார், நிலத்தை இளையவர் பார்க்கிறார், தங்கைக்குத்தான் நகை போட்டுக் கட்டிக்கொடுத்தாயிற்றே என்று சொல்லி விடுதலைப் பத்திரத்தில் கையொப்பம் வாங்குகிறார்கள். அண்ணன்மார் உறவு அறுந்துவிடுமோ என்றஞ்சி அவளும் கையெழுத்திடுகிறாள்.

இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது? பழைய இந்துக் கூட்டுக் குடும்ப முறையில் மகனுக்குப் பிறப்பிலேயே சொத்தில் உரிமை. மகளுக்குச் சீர்வரிசை மட்டுமே. ஷரீஅத்தில் பிறப்பால் வரும் பங்கும் இல்லை, பூர்வீகச் சொத்து என்ற தனி வகையும் இல்லை. தந்தை வாழும்வரை சொத்து முழுவதும் அவருடையது; அவர் கண்மூடிய நொடியில் மகனுக்கும் மகளுக்கும் ஒருங்கே உரிமை பிறக்கிறது. அண்டை வீட்டாரிடமிருந்து கடன் வாங்கிய வழக்கத்தை நாம் இன்னும் பற்றிக்கொண்டிருக்க, அண்டை வீட்டாரோ அதனை விட்டொழித்துவிட்டனர். 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் தந்தை தானே ஈட்டிய சொத்தில் மகளுக்கும் மகனுக்கும் சமபங்கு அளித்தது. கூட்டுக் குடும்பச் சொத்திலும் அன்று திருமணமாகாதிருந்த மகள்களுக்குத் தமிழகம் 1989இல் உரிமை தந்தது. 2005இல் நாடு முழுவதும் எல்லா மகள்களுக்கும் அது விரிந்தது. 2020இல் உச்ச நீதிமன்றமும் அதனை உறுதி செய்தது. நான் மேலே சொன்ன அதே குடும்பம் இந்துக் குடும்பமாக இருந்து, தந்தை தானே ஈட்டிய சொத்தாகவும் இருந்தால், தாய்க்கும் மக்கள் மூவருக்கும் 40இல் தலா 10.

மகளுக்கு ஏன் மகனின் பாதி என்று பிறர் கேட்கும்போது, மஹர் பெறுபவள் அவள், குடும்பச் செலவைச் சுமக்கக் கடமைப்பட்டவன் ஆண் என்று நாம் விடை கூறுகிறோம். அது நேரிய விடையே. ஆனால் அந்தப் பாதியையும் கொடாமல், மஹருக்குப் பதில் கைக்கூலி வாங்கி, பிறகு அந்த விடையைச் சொல்ல நமக்கு வாயேது?

ஆகவே அன்பர்களே, பங்கீட்டைத் தள்ளிப் போடாதீர்கள். சூளையைத் துண்டாக்க முடியாது என்பது உண்மை. ஆனால் அதனை மதிப்பிட முடியும். அச்சுகள், இருப்பிலுள்ள சரக்கு, வெளியிலிருந்து வரவேண்டிய பாக்கி அனைத்தையும் எழுதி விலை கட்டுங்கள். நடத்துபவர் பிறர் பங்கைப் பணமாகக் கொடுக்கட்டும். இயலாவிடில் தாயையும் தங்கையையும் பங்காளிகளாகச் சேர்த்து இலாபத்தில் உரியதைக் கொடுக்கட்டும். திருமண நகை அன்பளிப்பே. அது பங்கைத் தீர்க்காது. தந்தை உயிரோடிருக்கும்போது விட்டுக்கொடுத்ததாக எழுதி வாங்குவது மார்க்கத்தில் செல்லாது. முதலில் பங்கை அவள் கையில் ஒப்படையுங்கள். அதன்பின் அவள் மனமுவந்து திருப்பித் தந்தால் அது அவளுடைய கொடை. கொடாவிட்டால் அவளுடைய உரிமை.

காயிதே மில்லத் அவர்கள் சபையில் நின்று அந்தச் சட்டத்திற்காக வாதாடினார்கள். அதனை வீட்டில் நிறைவேற்றும் கடமை நம்முடையது. நிறைவேற்றப்படும் சட்டத்திற்கு நம் வாழ்க்கையே சாட்சியாகும். நிறைவேற்றப்படாத சட்டத்தை எந்த வாதமும் நெடுங்காலம் காத்துவிடாது.

எல்லாம் வல்ல அல்லாஹ் அன்னாரின் கப்ரை ஒளிமயமாக்குவானாக! உரியவருக்கு உரியதை ஒப்படைத்தவர்களாக நம் அனைவரையும் தன்னிடம் அழைத்துக்கொள்வானாக! ஆமீன்.