பரிணாம அறிஞர் ஹால்டேன்

உயிரினங்கள் காலப்போக்கில் மாறுதலடைந்து புதிய வகைகளாகின்றன என்னும் பரிணாமக் கொள்கை, டார்வினின் நூல் வெளிவந்த 1859ஆம் ஆண்டு முதலாக ஆய்வுக்கூடத்திற்குள் மட்டும் அடங்கி நின்றதில்லை. சமய மன்றங்களும் அரசியல் மேடைகளும் அதனை எடுத்து வாதிட்டன. ஆட்சியாளர் சிலர் அதன் பெயரைச் சொல்லிக் கொடுமை புரிந்தனர்; வேறு சிலர் அதற்கு அடிப்படையான மரபியலையே பொய்யென்று தடை செய்தனர். இவ்விரு நிலைகளையும் நேரிற் கண்டவர், முன்னதை உறுதியாக எதிர்த்தவர், பின்னதன்முன் தடுமாறியவர், இறுதியில் நம் நாட்டுக் குடிமகனாக மறைந்தவர் ஜே.பி.எஸ். ஹால்டேன். அவர்தம் வாழ்வை ஈண்டுச் சுருங்கக் காண்போம்.

இளமையும் கல்வியும்

ஹால்டேன் 1892ஆம் ஆண்டு நவம்பர் 5ஆம் நாள் இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டு நகரில் பிறந்தார். தந்தையார் ஜான் ஸ்காட் ஹால்டேன் உடலியல் அறிஞர். சுரங்கத் தொழிலாளரின் உயிரைக் குடிக்கும் நச்சுக் காற்றுகளைத் தம் உடலிலேயே செலுத்திச் சோதித்தவர். சிறுவராயிருந்தபோதே மைந்தரும் அச்சோதனைகளில் துணைநின்றார். ஆயினும் ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழகத்தில் அவர் பயின்றவை கணிதமும் கிரேக்க, இலத்தீன் இலக்கியங்களுமே. அறிவியலில் பட்டம் எதுவும் பெறாத ஒருவர் அறிவியலின் முன்வரிசையில் அமர்ந்தார் என்பது, இலக்கியம் பயிலும் நாம் நினைவிற் கொள்ளத்தக்க செய்தியாகும். முதல் உலகப் போரில் மெசபடோமியாவில் காயமுற்று, ஓய்வுக்காக இந்தியா வந்தார். இந்நாட்டின்மீது அவர் கொண்ட பற்று அன்றே வேரூன்றியது.

கணிதம் காட்டிய வழி

பரிணாமம் நிகழ்கிறது என்று சொன்னால் போதுமா? அது எவ்வளவு விரைவில் நிகழும் என்று கணக்கிட முடியுமா? 1924ஆம் ஆண்டு முதல் வெளியிட்ட தொடர் கட்டுரைகளில் ஹால்டேன் இவ்வினாவிற்கு விடை கண்டார். மான்செஸ்டர் வட்டாரத்தில் வெளிர்நிற அந்துப்பூச்சிகளே மிகுந்திருந்தன. ஆலைப் புகை மரங்களைக் கருமையாக்கியபின், 1848இல் அரிதாயிருந்த கரிய பூச்சிகள் அந்நூற்றாண்டின் முடிவிற்குள் ஏறத்தாழ முழுமையாகப் பரவின. இம்மாற்றம் நேர, கரியவை மற்றவற்றைவிட ஒன்றரை மடங்கு வாரிசுகளை விட்டுச் சென்றிருத்தல் வேண்டும் என்று அவர் கணித்தார். பிஷர், சீவல் ரைட் ஆகிய இருவரோடு சேர்த்து, டார்வினின் இயற்கைத் தேர்வையும் மெண்டலின் மரபியலையும் கணிதத்தால் இணைத்த மூவருள் ஒருவராக அவர் போற்றப்படுகிறார்.

இனவெறிக்கு மறுப்பு

1933ஆம் ஆண்டில் ஜெர்மனியின் நாஜி அரசு, பரம்பரை நோயுடையார் எனத் தான் கருதியோரைக் கட்டாயக் கருத்தடைக்கு உட்படுத்தச் சட்டம் இயற்றியது. அறிவியலே இதற்குச் சான்று என்றும் முழங்கியது. ஹால்டேன் தம் கணக்கையே இதற்கு மறுப்பாக வைத்தார். இருபெற்றோரிடமிருந்தும் வந்து சேர்ந்தாலன்றி வெளிப்படாத அரிய நோய்களில், அவற்றுக்குரிய மரபணுக்களுள் மிகப் பெரும்பான்மை நலமாக வாழும் மக்களிடமே மறைந்திருக்கும். எனவே நோயுற்றோரை மட்டும் தடுப்பதால் அந்நோய் விரைவில் குறையாது. 1938இல் வெளிவந்த மரபும் அரசியலும் பற்றிய அவரது நூல், தூய இனம் என்னும் பேச்சின் வெறுமையை எடுத்துக்காட்டியது.

துலாக்கோல் சாய்ந்த இடம்

பாசிசத்தை எதிர்த்த வேகத்தில் ஹால்டேன் பொதுவுடைமையராகி, 1942இல் கட்சியிலும் சேர்ந்தார். ஆனால் சோவியத் நாட்டிலோ லைசென்கோ என்பவர் மரபணுவே இல்லையென்று வாதிட்டு, ஸ்டாலினின் ஆதரவைப் பெற்றிருந்தார். உலகெங்கும் பயிர் விதைகளைத் திரட்டிய வவிலோவ் 1940இல் கைது செய்யப்பட்டு, 1943ஆம் ஆண்டு சனவரியில் சரடோவ் சிறையில் உயிர் நீத்தார். 1928இல் ஹால்டேனை அந்நாட்டிற்கு வரவேற்றவரும் இவரே. 1948ஆம் ஆண்டு ஆகஸ்டில் மரபியல் அங்கு அரசாணையின் வலிமையோடு தள்ளப்பட்டது. அறிஞர் பலர் பணியிழந்தனர்.

அவ்வாண்டு இறுதியில் லண்டன் வானொலியில் பேசிய ஹால்டேன் இதனை நேர்படக் கண்டிக்கவில்லை. லைசென்கோ கூறுவனவற்றுள் சில உண்மையாகலாம் என்று இடங்கொடுத்துப் பேசினார். நாஜிகளின் பொய்யை எண்களால் உடைத்தவர், தம் அணியினரின் பொய்க்குமுன் அவ்வெண்களை எடுக்கத் தயங்கினார். 1950ஆம் ஆண்டளவில் கட்சியை விட்டு விலகினாரெனினும், அந்தத் தயக்கம் அவர் வாழ்வில் அழியாத கறையாகவே நின்றுவிட்டது.

இந்தியாவில்

1956இல் பிரிட்டன் எகிப்தின் சூயஸ் பகுதியைத் தாக்கியது. அதனைக் கண்டித்த ஹால்டேன், 1957இல் மகலனோபிஸ் அவர்களின் கல்கத்தா புள்ளியியல் நிறுவனத்தில் பணியேற்றார். 1961இல் இந்தியக் குடிமகனானார். கதர் உடுத்து, புலால் மறுத்து வாழ்ந்தார். விலைமிக்க கருவிகள் இல்லையே என்று வருந்தாமல், கண்ணும் எண்ணும் கொண்டே ஆய்வு செய்யலாம் என்று மாணவர்க்குக் கற்பித்தார். அவர் வழிநின்ற ஆய்வாளர் பவளமல்லிப் பூவின் இதழ்களை எண்ணியும், தென்னையில் மட்டைகள் இடமாகவும் வலமாகவும் சுழன்றமைவதைக் கணக்கிட்டும் உலக இதழ்களில் எழுதினர். பின்னர்ப் புவனேசுவரத்தில் ஆய்வுக்கூடம் அமைத்த அவர், 1964ஆம் ஆண்டு டிசம்பர் 1ஆம் நாள் புற்றுநோயால் மறைந்தார். அவர் விருப்பப்படி உடல் காக்கிநாடா மருத்துவக் கல்லூரிக்கு அளிக்கப்பட்டது.

நிறைவாக

ஹால்டேனின் அறிவைப் போற்றும் நாம் அவர் தடுமாற்றத்தையும் மறைத்தல் தகாது. பகைவர் கூறும் பொய்யை மறுக்கக் கல்வி போதும். நம்மவர் கூறும் பொய்யை மறுக்கக் கல்வியோடு நெஞ்சுரமும் வேண்டும். ஆட்சியாளர் அறிவியலைத் தம் கைக்கருவியாக்க முயலும் எந்நாட்டிலும் எக்காலத்திலும் இவ்வுண்மை பொருந்தும். நாளை ஆய்வாளராகவும் ஆசிரியராகவும் விளங்கவிருக்கும் நம் மாணவச் செல்வங்கள், ஹால்டேனின் துலாக்கோலைக் கையில் ஏந்துக. அவர் அதனைச் சாயவிட்ட இடத்தில் தாம் சாயாதிருக்க!