விட்கென்ஸ்டைனின் முன்வரிசை இருக்கை

1945-இல் இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு, அமெரிக்கா பிரிட்டனுக்கு அளித்துவந்த கடன்-குத்தகை உதவி திடீரென நிறுத்தப்பட்டது. டாலர் கையிருப்பு கரைந்துபோன நிலையில், கடன் கேட்டு வாஷிங்டன் சென்றார் ஜான் மேனார்ட் கெய்ன்ஸ். நீண்ட இழுபறிக்குப் பிறகு 375 கோடி டாலர், 2 சதவீத வட்டிக்குக் கிடைத்தது. பொருளியல் வகுப்பில் இந்த வரலாற்றைப் பல ஆண்டுகள் சொல்லியிருக்கிறேன். அந்நாட்களில் கேம்பிரிட்ஜ் தத்துவப் பேராசிரியர் ஒருவர் தம் அமெரிக்க நண்பருக்கு ஒரு கடிதம் எழுதினார். உதவி நின்றதில் தமக்கு விழுந்த பெரிய அடி துப்பறியும் இதழ்கள் கிடைக்காமல் போனதுதான் என்று அதில் புலம்பிய அவர், இந்தத் தட்டுப்பாட்டைக் கெய்ன்ஸ் பிரபு வாஷிங்டனில் எடுத்துரைப்பார் என்று நம்புவதாகவும் சேர்த்திருந்தார்.

அவர் லுட்விக் விட்கென்ஸ்டைன். இருபதாம் நூற்றாண்டுத் தத்துவத்தின் போக்கை இருமுறை மாற்றியவர். கடிதத்தில் கேலி இருக்கிறது; ஆனால் பாதிதான் கேலி.

1889-இல் வியன்னாவில், ஆஸ்திரியாவின் பெரும் எஃகு முதலாளிகளுள் ஒருவருடைய எட்டாவது குழந்தையாக, கடைக்குட்டியாகப் பிறந்தார். பிராம்ஸ் வந்துபோன வீடு அது. அண்ணன் பவுல் பியானோ கலைஞர். முதல் உலகப் போரில் வலக்கையை இழந்த அவருக்காக ராவெல் இடக்கைக்கு மட்டுமான இசைக்கோவை ஒன்றை எழுதினார். லுட்விக்குக்கு வாய்த்த கருவி உதடுகள்தாம். கேம்பிரிட்ஜில் படிக்கையில் நண்பர் டேவிட் பின்சென்ட் பியானோ வாசிக்க, இவர் ஷூபர்ட்டின் பாடல்களைச் சீழ்க்கையில் இசைப்பார். ஒரு சுரம் பிசகினாலும் பொறுக்கமாட்டார். மேலை இசை பிராம்ஸோடு முடிந்துவிட்டதென்றும், மாலரின் சிம்பொனிகள் மதிப்பற்றவை என்றும் கருதினார். எனக்கு இது அநியாயமான தீர்ப்பாகவே படுகிறது. ஆனால் விட்கென்ஸ்டைனின் ரசனை தாராள மனத்தால் விரிந்ததன்று, கறாரானது என்பதை இது காட்டுகிறது.

புத்தகங்களிலும் அதே கறார்தான். போர்க்களத்தில் டால்ஸ்டாயின் சுவிசேஷச் சுருக்கத்தை விடாமல் உடன் வைத்திருந்தார். தாஸ்தாயெவ்ஸ்கியின் ‘கரமசோவ் சகோதரர்கள்’ நாவலைத் திரும்பத் திரும்ப வாசித்தார். 1921-இல் வெளிவந்த முதல் நூலால் புகழ்பெற்ற பிறகு, வியன்னாவின் தருக்கவாதிகள் அந்நூலுக்கு விளக்கம் கேட்க ஆவலோடு கூடியபோது, சில வேளைகளில் அவர்களுக்கு முதுகைக் காட்டி அமர்ந்து தாகூரின் கவிதைகளை வாசித்தாராம். அறிவியலைத் தவிர மற்றதெல்லாம் பொருளற்ற பேச்சு என்று நம்பியவர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும்! தாகூரின் ‘ராஜா’ நாடகத்தின் ஆங்கில வடிவம் நிறைவு தராததால், ஒரு பகுதியைப் பிற்காலத்தில் நண்பருடன் சேர்ந்து தம் மொழியில் மாற்றியும் எழுதினார்.

தந்தைவழிச் செல்வம் முழுவதையும் 1919-இல் உடன்பிறந்தாருக்கு எழுதிக் கொடுத்தார். கிராமப் பள்ளிகளில் ஆசிரியராக இருந்தார். தமக்கைக்கு வீடு கட்டினார். 1929-இல் கேம்பிரிட்ஜ் திரும்பினார். அங்கே பொருளியலறிஞர் பியரோ ஸ்ராஃபாவுடன் தொடர்ந்து நடந்த உரையாடல்கள் இவருடைய பழைய கொள்கைகளைத் தகர்த்தன. (எங்கள் துறைக்காரர் ஒருவருக்குத் தத்துவம் பட்ட இந்தக் கடன் என் மாணவர்களை எப்போதும் மகிழ்வித்திருக்கிறது.)

குறிப்புகள் இல்லாமல், மாணவர்கள் முன்னிலையில் யோசித்து, திணறி, தம்மையே திட்டிக்கொண்டு வகுப்பு எடுப்பார். முடிந்ததும் களைப்பும் தம் பேச்சின் மீதே வெறுப்புமாக வெளியேறி, யாராவது ஒரு மாணவரை இழுத்துக்கொண்டு திரையரங்குக்கு ஓடுவார். வழியில் ஒரு பன் வாங்கிக்கொள்வார். அமர்வது முதல் வரிசையில். திரையைத் தவிர வேறெதுவும் கண்ணில் படக்கூடாது. விரும்பியது அமெரிக்கப் படங்கள். கௌபாய் படங்கள் என்றால் உயிர். ஆங்கிலேயப் படம் நன்றாக இருக்கவே முடியாது என்பது தீர்மானம். கார்மன் மிராண்டாவும் பெட்டி ஹட்டனும் பிடித்த நடிகையர். பின்னாளில் அமெரிக்கா புறப்படும் முன், பெட்டி ஹட்டனுக்குத் தம்மை அறிமுகம் செய்துவைக்க வேண்டும் என்று நண்பரிடம் விளையாட்டாக நிபந்தனை விதித்தார்.

இவையெல்லாம் களைத்த மூளைக்கு ஓய்வு என்றே பலர் விளக்கம் தருகிறார்கள். நான் ஏற்கவில்லை. தத்துவ ஆய்விதழான ‘மைண்ட்’டைவிடத் தாம் படிக்கும் மலிவுக் காகித இதழில் சத்து அதிகம் என்று அவர் நம்பினார். ஆய்விதழில் அவர் கண்டது வேடம். துப்பறியும் கதையில் வேடமில்லை. தன் வேலையை நேராகச் செய்கிறது. டால்ஸ்டாயையும் கௌபாய் படத்தையும் மாலரையும் அவர் நிறுத்தது ஒரே தராசில்தான். எங்கள் பொருளியல் பாடநூல்கள் நுகர்வோரின் விருப்பத்தைக் கேள்வி கேட்காமல் தரவாக எடுத்துக்கொள்ளும். நடைமுறையிலோ ரசனை ஓர் அந்தஸ்துச் சீட்டு; துப்பறியும் நாவலைக் கனமான நூலுக்குள் ஒளித்துப் படித்த அறிஞர்களை ஆசிரியர் அறையிலேயே பார்த்திருக்கிறேன். விட்கென்ஸ்டைனுக்கு அப்படி ஒளிக்க எதுவும் இருக்கவில்லை.

1947-இல் பேராசிரியர் பதவியைத் துறந்து அயர்லாந்தின் மேற்குக் கரையில் தனித்திருந்தார். 1948-இல் அங்கிருந்து, இதழ்களை வழக்கமாக அனுப்பிவந்த அமெரிக்க நண்பர் நார்மன் மால்கமுக்கு ஒரு வேண்டுகோள் விடுத்தார். நார்பர்ட் டேவிஸ் என்பவர் எழுதிய துப்பறியும் நாவல் ஒன்றைப் படித்து மகிழ்ந்ததாகவும், தத்துவஞானி மூருக்கும் அதைப் படிக்கக் கொடுத்ததாகவும் தெரிவித்தார். குண்டுத் துப்பறிவாளரும் அவருடைய பெரிய நாயும் மெக்சிகோவின் மலைக்கிராமத்தில் அடிக்கும் கூத்துதான் கதை. எழுதியவருக்கு நன்றி சொல்ல வேண்டும், அவரைப் பற்றிய விவரம் தேடித் தாருங்கள் என்று கேட்டிருந்தார்.

மால்கமால் எந்த விவரத்தையும் பெற முடியவில்லை. 1949 கோடையில் விட்கென்ஸ்டைன் கடல் கடந்து, நியூயார்க் மாநிலத்தின் இதாகாவிலிருந்த மால்கம் வீட்டுக்கே வந்தார். அதே கோடையில், அருகிலுள்ள மாசசூசெட்ஸ் மாநிலத்தில், நாற்பதே வயதான நார்பர்ட் டேவிஸ் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அந்த நன்றிக் கடிதம் எழுதப்படவே இல்லை. இங்கிலாந்து திரும்பிய விட்கென்ஸ்டைனுக்குப் புற்றுநோய் இருப்பது தெரியவந்தது. 1951 ஏப்ரல் 29 அன்று, கேம்பிரிட்ஜில் தம் மருத்துவரின் வீட்டில் அவர் காலமானார்.