நடுங்க வைத்த வில்லன்... நடுங்கியே சிரிக்க வைத்த அப்பா! யார் இந்த டி.எஸ்.பாலையா?

‘காதலிக்க நேரமில்லை’ படத்துல நாகேஷ் திகில் கதை சொல்ற காமெடியைப் பார்க்காதவங்க குறைவு. அந்தக் காட்சியில் பேச்செல்லாம் நாகேஷுக்குத்தான். எதிரில் உட்கார்ந்து கேட்கிற பாலையாவுக்கு முகம் மட்டும்தான். கண் பிதுங்கி, மூச்சு முட்டி அவர் பயப்படலைன்னா, நமக்குச் சிரிப்பே வந்திருக்காது.

1964-ல் இப்படி நடுங்கியவர், ஒரு காலத்தில் மிரட்டல் வில்லன்! தூத்துக்குடி பக்கம் சுண்டங்கோட்டையில் 1914-ல் பிறந்தவர். நாடக மேடையில் இருந்து 1936-ல் ‘சதிலீலாவதி’ மூலம் சினிமாவுக்கு வந்தார். எம்.ஜி.ஆருக்கும் அதுதான் முதல் படம். அடுத்த வருஷமே ‘அம்பிகாபதி’யில் எம்.கே.தியாகராஜ பாகவதருக்கு வில்லன்.

இந்த இரண்டு முகத்தையும் ஒரே வேடத்தில் பார்க்கணும்னா, ‘திருவிளையாடல்’ (1965) ஹேமநாத பாகவதர்தான். பாட்டுக்குக் குரல் பாலமுரளிகிருஷ்ணாவுடையது. ஆனால் அந்தத் திமிர் பாலையாவுடையது. பாண்டிய நாட்டுப் பாடகர்களையே பாட்டால் மிரட்ட வந்தவர், ஒரு விறகுவெட்டியின் பாட்டைக் கேட்டு வெலவெலத்து, ராத்திரியோடு ராத்திரியா மதுரையை விட்டே கிளம்பிவிடுவார்.

1968-ல் ‘தில்லானா மோகனாம்பாள்’ படத்தில் சிவாஜியின் நாதஸ்வரத்துக்குப் பக்கத்தில் தவிலோடு உட்கார்ந்தார். அங்கேயும் ஹீரோவை விட்டு நம்ம கண்ணு அவர் பக்கம் போகும். அதற்கு நாலே வருஷத்தில், 1972-ல் மறைந்தார். 60 வயதுகூட ஆகவில்லை.