ஜார்ஜ் தெ லா தூர்

பிரான்சு தேசத்து ரேன் நகரப் பொருட்காட்சிச் சாலையில் சித்திரமொன்று உளது. செவ்வாடை பூண்ட தாயொருத்தி, துணியால் இறுகச் சுற்றப்பெற்ற சிசுவை ஏந்தி அமர்ந்திருக்கின்றாள். அருகே மற்றொரு மாது மெழுகுவர்த்தியைப் பிடித்து, அதன் சுடரைக் கையால் மறைக்கின்றாள். அவ்வளவே. ஒளிவட்டமில்லை, தேவதூதரில்லை. ஆயினும் கன்னிமரியாளையும் திருப்பாலகனையுமே காண்கின்றோம் என்பதில் எமக்கு ஐயமில்லை.

இதனை எழுதிய லா தூர், 1593-ஆம் ஆண்டில், லொரேன் பகுதியிலே, விக் என்னும் சிற்றூரில் ரொட்டி சுடுவோர் ஒருவரின் மகனாய்ப் பிறந்தார். 1617-இல் தியான் என்னும் உயர்குல மங்கையை மணந்தார். 1620-இல் அவளது ஊராகிய லூனெவிலிற் குடியேறினார். பிள்ளைகள் பதின்மருள் மூவரே வளர்ந்து ஆளாயினர். போரும் கொள்ளைநோயும் அந்நாட்டை அலைத்தன. 1638-இல் லூனெவில் தீக்கிரையாயிற்று. மறு ஆண்டில் பிரெஞ்சு அரசரின் ஓவியர் என்னும் பட்டம் இவருக்கு வாய்த்தது.

இவர் சாந்தசீலர் என்று எண்ணற்க. தம் வேட்டை நாய்களை விளைபயிரில் ஓடவிடுகின்றார் என்று ஊரார் 1646-இல் பிரபுவிடம் முறையிட்டனர்! அக்கையே இச்சித்திரத்தையும் எழுதியது.

இத்தாலிய ஓவியர் கரவாஜ்ஜோவின் படங்களில் ஒளி பெரும்பாலும் புறத்திருந்து பாயும். லா தூரோ விளக்கைப் படத்தினுள்ளேயே வைத்துச் சுடரை மறைத்துவிடுகின்றார். மறைந்த சுடரின் ஒளி குழந்தையின் நெற்றியிலும் வெண்டுணியிலும் வீழ்ந்து பொலிதலால், குழந்தையே ஒளி வீசுவதாக நம் கண் மயங்குகின்றது. உலகின் ஒளியானவர் இவரென்பதை ஓரெழுத்துமின்றி உணர்த்தியவாறு இது. சுடரை மறைக்கும் கையும் ஆசி கூறும் கைபோலவே உயர்ந்துள்ளது. குழந்தையைச் சுற்றிய துணியோ பிரேதச் சீலையையும் நினைப்பூட்டுகின்றது. தாயின் கண்கள் தாழ்ந்துள்ளன. மக்கள் பலரைப் பறிகொடுத்த தந்தை எழுதியது என்பதை மறந்து இதனைக் காண எம்மால் இயலவில்லை.

1652 ஜனவரி 15-இல் மனைவியும், 30-இல் இவரும் நோய்வாய்ப்பட்டு இறந்தனர். பின்னர் இவர் பெயரே மறைந்தது. சித்திரங்களுக்குப் பிறர் பெயர் சூட்டப்பெற்றது. 1915-இல், தம் நாடும் பிரான்சும் பொருதுகொண்டிருக்கையில், ஹெர்மன் வோஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர், நாந்த் நகரில் லா தூரின் கையொப்பமுள்ள இரு படங்களுடன் ரேன் நகரத்துத் தாயையும் சேயையும் ஒப்புநோக்கி, மூன்றும் ஒருவர் கைப்பட்டனவே எனக் கண்டார். 1934-இல் பாரிஸ் நகரக் கண்காட்சியில் இவர் சித்திரங்கள் ஒருங்கு வைக்கப்பெற்றபோதுதான் பிரெஞ்சு மக்கள் தம் ஓவியரை அறிந்தனர்.