ஐந்து ஒலிம்பிக், ஐந்து மக்களவை: துப்பாக்கியைத் துறக்காத பிகானேர் மன்னர்

புது தில்லி: தலைநகரின் தென்கோடியில் துக்ளகாபாத் கோட்டைக்கு அருகே அமைந்துள்ள துப்பாக்கி சுடும் தளம் டாக்டர் கர்ணி சிங்கின் பெயரைத் தாங்கி நிற்கிறது. நாட்டின் தலைசிறந்த வீரர்களும் வீராங்கனைகளும் பயிற்சி பெறும் இடம் அது. அந்தப் பெயருக்கு உரியவர் யார் என்பதை இன்றைய தலைமுறையில் பலர் அறிந்திருக்க வாய்ப்பில்லை. அவர் பிகானேரின் மன்னர். முதல் மக்களவையிலிருந்து ஐந்தாவது மக்களவை வரை தொடர்ந்து 25 ஆண்டுகள் சுயேச்சை உறுப்பினர். ஐந்து ஒலிம்பிக் போட்டிகளில் இந்தியாவின் சார்பில் துப்பாக்கி ஏந்தியவர். 2024-ஆம் ஆண்டுடன் அவர் பிறந்து ஒரு நூற்றாண்டு நிறைவடைந்தது.

பறவை வேட்டையில் பிறந்த சொல்: மறைந்திருந்து தொலைவிலிருந்து குறிபார்த்துச் சுடும் ராணுவ வீரரை உலகெங்கும் ஸ்னைப்பர் என்று அழைக்கின்றனர். இச்சொல் பிறந்தது இந்திய மண்ணில். 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கு பணியாற்றிய பிரிட்டிஷ் அதிகாரிகள் ஓய்வு நேரங்களில் உள்ளான் குருவிகளை வேட்டையாடினர். சேற்றுநிலத்திலிருந்து திடீரென எழும்பி, வளைந்து வளைந்து பறக்கும் அச்சிறு பறவையைச் சுட்டு வீழ்த்துவது எளிதல்ல. ஆங்கிலத்தில் ஸ்னைப் எனப்படும் அப்பறவையின் பெயரே, அதை வீழ்த்தும் திறன் படைத்தவருக்கும் பின்னர் வந்து சேர்ந்தது.

வேட்டைக்களத்தில் தோன்றிய இத்திறன் பின்னாளில் இரு கிளைகளாகப் பிரிந்தது. ஒன்று போர்க்களத்துக்குச் சென்றது. மற்றொன்று விளையாட்டு அரங்குக்கு வந்தது. கர்ணி சிங்கின் வாழ்க்கை இவ்விரண்டையும் தொட்டுச் செல்கிறது.

போர்க்குடியின் வாரிசு: கர்ணி சிங் 1924 ஏப்ரல் 21-ஆம் தேதி பிகானேரில் பிறந்தார். அவருடைய பாட்டனார் மகாராஜா கங்கா சிங், முதல் உலகப் போரின்போது பிரிட்டனின் பேரரசுப் போர் அமைச்சரவையில் இடம்பெற்றவர். 1919-இல் வெர்சாய் உடன்படிக்கையில் கையொப்பமிட்டவர். அவருடைய ஒட்டகப் படையான கங்கா ரிசாலா அப்போரில் எகிப்திலும் சூயஸ் கால்வாய்ப் பகுதியிலும் போரிட்டது. விடுதலைக்குப் பின்னர் அப்படை இந்திய ராணுவத்தின் கிரெனேடியர்ஸ் படைப்பிரிவுடன் இணைக்கப்பட்டது.

பிகானேருக்கு அருகேயுள்ள கஜ்னேர் ஏரிக்குக் குளிர்காலக் காலைகளில் தண்ணீர் அருந்தக் கல்கௌதாரிகள் கூட்டம் கூட்டமாக வரும். அவற்றை வேட்டையாட வைஸ்ராய்களும் ஐரோப்பியப் பிரமுகர்களும் கங்கா சிங்கின் அழைப்புக்குக் காத்திருந்த காலம் அது. மிகுந்த வேகத்தில் பறக்கும் பறவையின் போக்கைக் கணித்து, அது இருக்கும் இடத்தில் அல்லாமல் அது சென்று சேரப்போகும் இடத்தில் சுட வேண்டும் என்ற பாடம் அக்குடும்பத்துப் பிள்ளைகளுக்கு அங்கேயே கிடைத்தது.

இரண்டாம் உலகப் போர் மூண்டபோது, பதின்வயது இளைஞரான கர்ணி சிங் பாட்டனாருடன் மத்தியக் கிழக்குப் போர்முனைக்குச் சென்றார். பின்னர் தில்லி செயின்ட் ஸ்டீபன்ஸ் கல்லூரியிலும் மும்பை செயின்ட் சேவியர் கல்லூரியிலும் பயின்றார். தந்தை சாதுல் சிங், இந்தியாவுடன் தம் சமஸ்தானத்தை இணைக்க முன்வந்த முதல் சில மன்னர்களுள் ஒருவர். 1950-இல் தந்தை மறைந்தபோது மன்னர் பட்டம் கர்ணி சிங்கிடம் வந்தது. ஆனால் ஆள்வதற்கு அரசு இல்லை. பிகானேர் அதற்கு முன்பே ராஜஸ்தானில் கலந்துவிட்டது.

சுயேச்சையாக அவைக்கு: 1952-இல் நடைபெற்ற முதல் பொதுத் தேர்தலில் எந்தக் கட்சியிலும் சேராமல் களமிறங்கிய அவர் பெரும் வெற்றி பெற்றார். அப்போது அவருக்கு வயது 27. 1957, 1962, 1967, 1971 ஆகிய தேர்தல்களிலும் பிகானேர் மக்கள் அவரையே அனுப்பினர். காங்கிரஸ் ஓங்கியிருந்த அந்நாள்களில் ஒரு சுயேச்சை உறுப்பினர் ஐந்து முறை தொடர்ந்து வெற்றி பெறுவது எளிய செயல் அல்ல. ராஜஸ்தானி மொழிக்கு அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் இடம் வேண்டும் என்று அவர் அவையில் குரல் கொடுத்தார். அக்கோரிக்கை இன்றளவும் நிறைவேறவில்லை.

இந்திய துப்பாக்கி சுடுதலுக்கும் நாடாளுமன்றத்துக்கும் வேறொரு தொடர்பும் உண்டு. 1951-இல் தொடங்கப்பட்ட தேசிய ரைபிள் சங்கத்தின் நிறுவனத் தலைவர், மக்களவையின் முதல் தலைவரான கணேஷ் வாசுதேவ் மாவலங்கர். காந்தியடிகளின் வழிநின்ற அகமதாபாத் வழக்கறிஞர் ஒருவர் துப்பாக்கிச் சங்கத்துக்குத் தலைமை ஏற்றது வியப்பளிக்கலாம். வேட்டைக்காரரின் கருவியாகவும் படைவீரரின் ஆயுதமாகவும் இருந்த துப்பாக்கியைக் குடிமக்களின் விளையாட்டாக மாற்ற வேண்டும் என்ற எண்ணம் அதன் பின்னணியில் இருந்தது. அவர் பெயரால் நடைபெறும் மாவலங்கர் போட்டி இளம் வீரர்களுக்கு வாயிலாக விளங்கி வந்துள்ளது.

ஒரு விநாடிக்குள் முடியும் ஆட்டம்: கர்ணி சிங் தேர்ந்தெடுத்த பிரிவு டிராப் எனப்படும் களிமண் தட்டு சுடுதல். வீரர் நிற்கும் இடத்துக்கு 15 மீட்டர் முன்னால் உள்ள பள்ளத்தில் 15 எறிபொறிகள் மறைத்து வைக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு நிலையிலும் நிற்கும் வீரருக்கென மூன்று பொறிகள். அவற்றுள் எதிலிருந்து தட்டு வரும் என்பது அவருக்குத் தெரியாது. அவர் குரல் கொடுத்த மாத்திரத்தில் 11 சென்டிமீட்டர் விட்டமுள்ள தட்டு மணிக்கு ஏறத்தாழ 100 கிலோமீட்டர் வேகத்தில் விலகிப் பாயும். இரு தோட்டாக்களுக்கே அனுமதி. தட்டைக் காண்பது, துப்பாக்கியைத் திருப்புவது, விசையை அழுத்துவது ஆகிய மூன்றும் ஒரு விநாடிக்குள் முடிந்துவிட வேண்டும். அந்நாளைய ஒலிம்பிக்கில் இவ்வாறு 200 தட்டுகளைச் சுட வேண்டியிருந்தது.

ராணுவ ஸ்னைப்பரின் வேலை இதற்கு நேர்மாறானது. அவர் மணிக்கணக்கில் அசையாமல் படுத்திருக்க வேண்டும். 800 மீட்டர் தொலைவை அடைய அவரது குண்டுக்கு ஒரு விநாடிக்கும் மேலாகும். அதற்குள் புவியீர்ப்பு அதைக் கீழே இழுக்கும். காற்று பக்கவாட்டில் தள்ளும். இவை அனைத்தையும் முன்கூட்டியே கணித்து, மூச்சை அடக்கிய ஒரு கணத்தில் அவர் சுடுகிறார். ஒருவருக்குப் பொறுமை முதல் தேவை, மற்றவருக்கு விரைவு. ஆயினும் குறியின் இடத்தையன்றி அதன் எதிர்காலத்தைச் சுடும் கலை இருவருக்கும் பொதுவானது. பதறாத மனமும் இருவருக்கும் பொதுவான மூலதனம்.

நூலிழையில் நழுவிய தங்கம்: 1960-இல் ரோம் ஒலிம்பிக்கில் முதன்முறையாகப் பங்கேற்றபோது கர்ணி சிங்குக்கு வயது 36. அங்கு எட்டாம் இடம் பெற்றார். மறு ஆண்டு அர்ஜுனா விருது தொடங்கப்பட்டபோது, துப்பாக்கி சுடுதலில் அவ்விருதைப் பெற்ற முதல் வீரரானார். 1962-இல் கெய்ரோவில் நடைபெற்ற உலகப் போட்டியில் முதலிடத்துக்குச் சமநிலையில் வந்து, கூடுதல் சுற்றில் பின்தங்கி வெள்ளிப் பதக்கம் பெற்றார். அவர் வாழ்வின் உச்சம் அதுவே.

1964 டோக்கியோவில் 26-ஆம் இடம். 1968 மெக்சிகோவில் 10-ஆம் இடம். ஒலிம்பிக் பதக்கம் கடைசிவரை கைகூடவில்லை. ஆசியப் போட்டிகளில் பதக்கங்கள் வந்தன. தேசியச் சாம்பியன் பட்டத்தை 17 முறை வென்றார். இவற்றுக்கிடையே, தம் குலத்துக்கும் மத்திய அரசுகளுக்கும் இடையே 1465 முதல் 1949 வரை நிலவிய உறவுகளை ஆராய்ந்து 1964-இல் மும்பை பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டமும் பெற்றார். அவரது மகள் ராஜ்யஸ்ரீ குமாரிக்கும் 1968-இல் அர்ஜுனா விருது கிடைத்தது.

பறிபோன உரிமைகள்: 1971 டிசம்பரில் அரசியல் சட்டத்தின் 26-ஆவது திருத்தம் மன்னர் பட்டங்களுக்கான அங்கீகாரத்தையும் மானியத்தையும் ரத்து செய்தது. அவர் உறுப்பினராக இருந்த அவையே அத்திருத்தத்தை நிறைவேற்றியது. மறு ஆண்டு வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அரச வேட்டையின் காலத்தையும் முடித்துவைத்தது. பிறப்பால் கிடைத்தவை ஒவ்வொன்றாக நீங்கின. பயிற்சியால் ஈட்டிய ஒன்று மட்டும் அவரிடம் எஞ்சியது. அதை எந்தச் சட்டமும் அவருக்கு வழங்கவில்லை. எந்தச் சட்டத்தாலும் பறிக்கவும் இயலவில்லை.

அதே 1972-இல் மியூனிக் ஒலிம்பிக்கில் அவர் 36-ஆம் இடத்துக்குத் தள்ளப்பட்டார். அவரது போட்டி முடிந்த சில நாள்களில், இஸ்ரேலிய அணியினரைப் பயங்கரவாதிகள் பிணைபிடித்தனர். அவர்களை மீட்க அருகிலுள்ள விமான தளத்தில் நிறுத்தப்பட்ட போலீஸ் குறிசுடுநர்கள் ஐவர்; எதிரே இருந்த பயங்கரவாதிகள் எட்டுப் பேர். அந்த ஐவரும் முறையான ஸ்னைப்பர் பயிற்சி பெற்றவர்கள் அல்லர். தங்களுக்குள் பேசிக்கொள்ள அவர்களிடம் வானொலிக் கருவியும் இல்லை. பிணையாளிகள் ஒன்பது பேரும் ஒரு காவலரும் அங்கு உயிரிழந்தனர். உலகின் தலைசிறந்த குறிபார்ப்போர் கூடிய அதே நகரில், குறிபார்க்கும் பயிற்சி இல்லாமையின் விலை என்ன என்பதை உலகம் கண்டது. பல நாடுகள் தனிப் பயிற்சி பெற்ற கமாண்டோ படைகளை அமைக்கத் தொடங்கியது அதன் பின்னரே.

58 வயதிலும் களத்தில்: 1977-உடன் கர்ணி சிங்கின் நாடாளுமன்ற வாழ்க்கை முடிவுக்கு வந்தது. துப்பாக்கியை அவர் கீழே வைக்கவில்லை. 1980-இல் மாஸ்கோவில் தமது ஐந்தாவது ஒலிம்பிக்கில் பங்கேற்றபோது அவருக்கு வயது 56. கிடைத்தது 43-ஆம் இடம். இடங்களின் பட்டியலை மட்டும் பார்ப்போருக்கு அது ஒரு சரிவின் வரலாறாகத் தோன்றலாம். பட்டமும் பதவியும் போன பிறகு, மகன் வயதுடையோருடன் வரிசையில் நின்று தம் முறைக்குக் காத்திருக்க ஒரு முன்னாள் மன்னர் தயங்கவில்லை என்பதே அதில் காண வேண்டியது. 1982 தில்லி ஆசியப் போட்டியில் அணிப் பிரிவில் வெள்ளி வென்ற இந்தியக் குழுவில் அவரும் இருந்தார். அப்போட்டிகள் நடந்த துக்ளகாபாத் தளமே பின்னாளில் அவர் பெயரைப் பெற்றது. 1988-இல் அவர் காலமானார்.

விட்டுச் சென்றது: அவருக்குக் கிட்டாத ஒலிம்பிக் பதக்கத்தை 2004-இல் ஏதென்ஸில் வென்றவர் மற்றொரு ராஜஸ்தானியரான ராஜ்யவர்தன் சிங் ராத்தோர். அவர் சுட்டதும் பறக்கும் தட்டுகளையே. பிகானேரின் ஒட்டகப் படை சேர்ந்த அதே கிரெனேடியர்ஸ் படைப்பிரிவின் அதிகாரி அவர்; 2014-இல் அவரும் மக்களவை உறுப்பினரானார். 2012 லண்டனில் வெள்ளி வென்ற விஜய்குமார் ராணுவ சுபேதார். 2024 பாரிஸில் வெண்கலம் வென்ற ஸ்வப்னில் குசாலே, ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராகப் பணிபுரிந்தவர்.

அரண்மனையில் தொடங்கிய ஒரு கலை படைமுகாமுக்கும், அங்கிருந்து எளிய குடும்பங்களுக்கும் வந்து சேர்ந்துவிட்டது. ஆயினும் துப்பாக்கிகளும் தோட்டாக்களும் இன்றும் மலிவானவை அல்ல. பிறப்பினால் துப்பாக்கியைப் பெற்ற ஒருவரின் பெயரைத் தாங்கிய தளத்தின் வாயில், அவ்வாறு பெறாதவர்களுக்கும் எந்த அளவுக்குத் திறந்திருக்கிறது என்பதைப் பொறுத்தே அவருக்குச் செலுத்தப்படும் மரியாதையின் மதிப்பு அமையும்.