இடம் கேட்டுப் போன கமலா

போன வருஷம் பிப்ரவரி 28 அறிவியல் தினத்துக்கு இதே சுவரிதழில் சர் சி.வி. இராமன் பற்றி எழுதியது நான்தான். இந்தத் தடவை, அவர் இடம் இல்லைன்னு சொன்ன ஒரு பெண்ணைப் பற்றி எழுதுறேன். அவங்க பேரு கமலா சோஹோனி.

1911-ல் இந்தூரில் பிறந்தாங்க. அப்பாவும் அவருடைய சகோதரரும் பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்தில் வேதியியல் படிச்சவங்க. கமலாவுக்கும் அங்கேதான் சேரணும்னு ஆசை. 1933-ல் பம்பாய் பல்கலைக்கழகத்தில் பி.எஸ்சி. முதலிடம் வாங்கி விண்ணப்பம் போட்டாங்க. கிடைக்கலை. மார்க் குறைவு என்று இல்லை, பெண் என்பதால்! அப்போ இயக்குநர் யார் தெரியுமா? நோபல் பரிசு பெற்ற நம்ம இராமன்தான்.

நானா இருந்தா அழுதுட்டு வீட்டிலேயே இருந்திருப்பேன். கமலா நேரே பெங்களூருக்கே போய், இடம் தராத காரணத்தைக் கேட்டாங்க. விடவே இல்லை. கடைசியில் இராமன் நிபந்தனை போட்டுச் சேர்த்துக்கிட்டார். முதல் ஒரு வருஷம் முறையான மாணவி கிடையாது. வழிகாட்டி சொன்னா ராத்திரியிலும் வேலை செய்யணும். ஆண் ஆய்வாளர்களின் கவனம் கெடக் கூடாது. இதைப் படிச்சப்போ எனக்குக் கோபம் கோபமா வந்துச்சு. கமலாவுக்கும் இந்த அவமானம் கடைசி வரை மறக்கலையாம். ஆனா அன்னைக்குச் சரின்னு சொல்லி உள்ளே போயிட்டாங்க.

வழிகாட்டி சீனிவாசய்யாவிடம் பால், பருப்பு வகைகளில் உள்ள புரதங்களை ஆராய்ந்தாங்க. வேலையைப் பார்த்து இராமன் மனசு மாறினார். அதுக்கு அப்புறம் மற்ற பெண்களுக்கும் அங்கே இடம் கிடைச்சுது.

பிறகு இங்கிலாந்து, கேம்பிரிட்ஜ். அங்கே உருளைக்கிழங்கை ஆராய்ந்தப்போ, செல் சுவாசிக்க உதவும் சைட்டோகுரோம் சி என்ற பொருள் தாவரங்களிலும் இருப்பதைக் கண்டுபிடிச்சாங்க. 1939-ல் டாக்டர் பட்டம். ஆய்வேடு வெறும் 40 பக்கம்தான்! (நம்ம ரெக்கார்டு நோட்டே அதைவிடப் பெருசு.)

நாடு திரும்பி டெல்லியில் வேலை பார்த்தாங்க. பிறகு நம்ம நீலகிரி குன்னூரில் இருந்த ஊட்டச்சத்து ஆய்வகத்தில் உதவி இயக்குநர். 1947-ல் திருமணம் ஆகி பம்பாய் போனாங்க. அங்கே நீரா என்ற பனஞ்சாற்றில் என்னென்ன சத்து இருக்குன்னு ஆராய்ந்து ஜனாதிபதி விருது வாங்கினாங்க. பின்னாடி அந்த அறிவியல் கல்லூரிக்கே இயக்குநர் ஆனாங்க. 1998-ல் மறைந்தாங்க.

இராமன் பற்றி எழுதின தாளைக் கிழிச்சிடட்டுமான்னு டீச்சர்கிட்ட கேட்டேன். அதுவும் உண்மை, இதுவும் உண்மை, ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல ஒட்டுன்னு சொல்லிட்டாங்க. ஒட்டியிருக்கேன். இடது பக்கம் இருப்பது பழசு.